தீர்ப்புக்கு முன்பே கதை முடிந்துவிட்டால்? செங்கல்பட்டு ரூட் சொல்லும் மூன்று வழக்குகள்

தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறினால் காட்டாங்குளத்தூர் போய்ச் சேர ஏறக்குறைய அரை மணி நேரம். ஒரு க்ரைம் பாட்காஸ்ட் எபிசோடுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி நேரம். பொத்தேரியில் இறங்கும் கல்லூரி மாணவர்கள், மறைமலைநகர் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் போகிறவர்கள், பரனூரில் இறங்கும் ஐடி ஊழியர்கள் எனப் பெட்டியில் பாதிப் பேர் காதில் இயர்போனோடு இருக்கிறார்கள். அதில் ஓடுவது பாட்டு மட்டும் இல்லை. 'அந்த இரவு நடந்தது என்ன?', 'கொலையாளி செய்த ஒரே ஒரு தப்பு' மாதிரியான தலைப்புகளும்தான். பின்னணியில் திக் திக் இசை, நடுவில் ஒரு ஆப் விளம்பரம், மறுபடி கொலை.

கேட்பதில் தப்பில்லை. டீக்கடையில் பேப்பரை விரித்ததும் கண் முதலில் போனது கொலைச் செய்திக்குத்தான். போன் வந்து அந்தப் பழக்கத்தை உண்டாக்கவில்லை. மாறியிருப்பது வேகம். பேப்பர் மறுநாள் பழசாகி பஜ்ஜி மடிக்கப் போய்விடும். வீடியோ போகாது. வழக்கு கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே யார் நல்லவர், யார் கெட்டவர், ஏன் செய்தார் என்று கதை முடிந்துவிடுகிறது. பல வருடம் கழித்துத் தீர்ப்பு வேறு மாதிரி வந்தால் அதைக் கேட்க ஆள் இருப்பதில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்துகொள்ள வெளிநாட்டுத் தொடர்களைத் தேட வேண்டாம். இதே ரயில் பாதையில், காட்டாங்குளத்தூரைச் சுற்றியே மூன்று வழக்குகள் இருக்கின்றன.

விசாரணையே நடக்காத வழக்கு

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை காலை. நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் பரனூர் போக ரயிலுக்குக் காத்திருந்தார் சுவாதி. காட்டாங்குளத்தூர் தாண்டி மூன்றாவது ஸ்டேஷன் பரனூர். அங்கே மகேந்திரா சிட்டியில் இருந்த இன்ஃபோசிஸ் அலுவலகத்தில் அவருக்கு வேலை. பிளாட்பாரத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். உடல் சுமார் இரண்டு மணி நேரம் மூடப்படாமல் அங்கேயே கிடந்தது. ஸ்டேஷனில் அன்றைக்கு ஒரு சிசிடிவி கேமராகூட இல்லை. உயர் நீதிமன்றம் தலையிட்டுக் கேள்வி கேட்டது. ரயில்வே போலீஸிடம் இருந்த வழக்கு மூன்றே நாளில் சென்னை மாநகரப் போலீஸுக்கு மாறியது.

இந்த ரூட்டில் தினமும் போய்வரும் பெண்களுக்கு அது யாரோ ஒருவருடைய கதை இல்லை. அதே ரயில், அதே நேரம், அதே மாதிரி தோளில் ஒரு பை. பயமும் கோபமும் நியாயமானவை.

ஆனால் அந்த ஒரு வாரத்தில் சமூக ஊடகங்களில் நடந்தது வேறு. கொலையாளி என்று ஒரு முஸ்லிம் பெயர் பரவியது. அப்படி ஒருவர் பிடிபடவும் இல்லை, போலீஸ் அப்படிச் சொல்லவும் இல்லை. பிரபல நடிகர் ஒருவரே அந்தப் பதிவைப் பகிர்ந்து, பிறகு வருத்தம் தெரிவித்தார். இன்னொரு பக்கம் சுவாதியின் காதல், கல்யாணம், மதம் என்று ஆளாளுக்கு ஒரு திரைக்கதை எழுதினார்கள். மகளைப் பறிகொடுத்த குடும்பம், அவரைப் பற்றி வதந்தி பரப்பாதீர்கள் என்று வேண்டுகோள் வைக்கும் நிலைக்கு வந்தது. இறந்தவரால் பதில் சொல்ல முடியாது. இறந்தவர் சார்பில் அவதூறு வழக்குப் போடுவதும் சுலபமில்லை. கதை சொல்பவருக்கு இதைவிட வசதியான பாத்திரம் கிடைக்காது.

ஜூலை 1 இரவு செங்கோட்டை அருகே மீனாட்சிபுரத்தில் ராம்குமார் என்ற இளைஞர் கைது செய்யப்பட்டார். அப்போது அவர் கழுத்தில் வெட்டுக்காயம். அவரே அறுத்துக்கொண்டார் என்றது போலீஸ். இல்லை என்றது குடும்பம். செப்டம்பர் 18-ல் புழல் சிறையில் இறந்தார். மின்கம்பியைக் கடித்துத் தற்கொலை செய்துகொண்டதாகச் சிறை நிர்வாகம் சொன்னது. அதையும் குடும்பம் ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் மாநில மனித உரிமை ஆணையம் அந்தக் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும், மரணம் குறித்துத் தனி விசாரணை நடத்தவும் பரிந்துரைத்தது.

குற்றம்சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால் வழக்கு அதோடு முடிந்துவிடும். ஆக, இந்த வழக்கில் ஒரு சாட்சிகூடக் கூண்டில் ஏறவில்லை. குறுக்கு விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. ராம்குமார் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, நிரபராதி என்றும் சொல்லவில்லை. ஆனால் யூடியூபில் தேடினால் இரண்டுக்குமே 'ஆதாரத்துடன்' வீடியோ கிடைக்கும். 2017-ல் இந்த வழக்கை வைத்து எடுத்த படத்தின் டிரெய்லர் வந்தபோது சுவாதியின் தந்தை போலீஸில் புகார் கொடுத்தார். படத்தின் தலைப்பு பிறகு 'நுங்கம்பாக்கம்' என்று மாறியது. பெயர் போனது, கதை போகவில்லை.

கோடு போட்ட வழக்கு

சரி, உண்மை வழக்குகளைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம் என்று சட்டம் எங்காவது சொல்லியிருக்கிறதா? சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு கிளம்பியதும் இதே ரூட்டிலிருந்துதான்.

ஆட்டோ சங்கர் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 2019-ல் ஜீ5-ல் வெப் சீரிஸாகவும் வந்துவிட்டது. திருவான்மியூரை மையமாக வைத்து 1988-89-ல் நடந்த ஆறு கொலைகள். செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் 1991 மே 31 அன்று அவருக்கு மரண தண்டனை விதித்தது. செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபோது அவர் சுமார் 300 பக்கத்துக்குத் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார் என்றும், அதில் பல அதிகாரிகளுக்குத் தன்னோடு இருந்த தொடர்பைச் சொல்லியிருக்கிறார் என்றும் சொல்லி, அதைத் தொடராக வெளியிடத் தயாரானது நக்கீரன். 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது: இது பொய், அவர் எழுதவே இல்லை, வெளியிட்டால் நடவடிக்கை. பத்திரிகை உச்ச நீதிமன்றம் போனது.

1994 அக்டோபர் 7 அன்று வந்த ராஜகோபால் வழக்குத் தீர்ப்பு இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம். 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்புக்கும் இது ஒரு படிக்கல். அது சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும். ஒருவருடைய வாழ்க்கையில் நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் ஏறிவிட்டதைப் பற்றி அவர் அனுமதி இல்லாமலே எழுதலாம். அதைத் தாண்டி அவருடைய குடும்பம், திருமணம், உறவுகள் என்று உள்ளே போனால் அந்தரங்கத்தில் கைவைத்ததாகும். விளைவைச் சந்திக்க வேண்டும். அதிகாரிகள் தங்கள் கடமை தொடர்பான விமர்சனத்துக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது. வெளியாகும் முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை. இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கும் உண்டு: பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர், பொதுப் பதிவில் இருந்தால்கூட வெளியே வரக்கூடாது.

கவனித்தால், பத்திரிகைக்குச் சாதகமான தீர்ப்புதான் இது. தூக்குத் தண்டனைக் கைதி ஒருவரின் கதையைத் தடுக்க அரசு போட்ட முட்டுக்கட்டையைக் கோர்ட் எடுத்தது. அதே கையோடு, அந்தக் கைதிக்கும் அந்தரங்கம் உண்டு என்றது. சங்கர் 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் வழக்கில் பிறந்த கோடு இன்னும் உயிரோடு இருக்கிறது. 'பதிவில் இருக்கிறதா, இல்லையா?' என்ற அந்த ஒரே கேள்வியை இன்றைய க்ரைம் ஸ்டோரிகளிடம் கேட்டால் பாதி எபிசோடு காலியாகிவிடும்.

கைதட்டிய வேகம்

மூன்றாவது வழக்கு மிகவும் வலிப்பது. 2017 பிப்ரவரி, சென்னைப் புறநகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஏழு வயதுக் குழந்தை பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டது. யாரைச் சொல்கிறோம் என்று படிப்பவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். காரணம், குழந்தையின் பெயரும் படமும் ஊரெல்லாம் ஒட்டப்பட்டன. ஆனால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பெயரை மட்டும் தடுக்கவில்லை. படம், முகவரி, பள்ளி, குடும்ப விவரம், அக்கம்பக்கம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக்கூடாது என்கிறது. இறந்துபோன குழந்தைக்கும் இது பொருந்தும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அஞ்சலி என்ற பெயரில் போட்டாலும் விதி விதிதான். அதனால் அந்தப் பெயர் இங்கே வராது, அந்தப் பகுதியின் பெயரும் வராது, குற்றம்சாட்டப்பட்டவரின் பெயரும் வராது.

செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரி 19 அன்று மரண தண்டனை விதித்தது. ஒரு வருடத்தில் தீர்ப்பு! அன்றைக்கு மாநிலமே கைதட்டியது. 'இதுதான் நீதி', 'இவ்வளவு சீக்கிரம் எல்லா வழக்கும் முடியணும்' என்று ஸ்டேட்டஸ் போட்டோம். ஜூலையில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது.

2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

தீர்ப்பில் சொன்ன காரணங்கள் இரண்டு வகை. ஒன்று, ஆதாரம். அவ்வளவு பேசப்பட்ட சிசிடிவி காட்சி நீதிமன்றத்தில் முறையாக நிரூபிக்கப்படவில்லை. குற்றத்தையும் அவரையும் இணைக்கும் சங்கிலியை அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவவில்லை. இன்னொன்று, விசாரணை நடந்த விதம். குற்றச்சாட்டு பதிவானபோது அவருக்கு வழக்கறிஞரே இல்லை. இலவச சட்ட உதவி வழக்கறிஞர் வந்தது அதற்குப் பிறகு, 2017 டிசம்பர் 13-ல். அடுத்த நான்கு நாளில் சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. இரண்டு மாதத்துக்குள் முப்பது சாட்சிகள். குற்றவாளி என்று சொன்ன அன்றே தண்டனையும். மரண தண்டனை கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய மற்ற சூழ்நிலைகளைப் பார்க்கவே இல்லை.

அதாவது எந்த வேகத்துக்குக் கைதட்டினோமோ, அந்த வேகம்தான் விடுதலைக்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது.

இந்தத் தீர்ப்பு வந்ததும் 'கோர்ட்டுக்கு மனசாட்சி இல்லையா' என்று மறுபடி ஒரு சுற்று வீடியோக்கள். ஆனால் கோபப்பட வேண்டிய இடம் வேறு. கேமராப் பதிவை உரிய முறையில் எடுத்து, சான்றோடு கோர்ட்டில் வைப்பது விசாரணை அதிகாரியின் அடிப்படை வேலை. அதைச் செய்யாமல் விட்டது ஏன் என்று 2017-ல் யாரும் கேட்கவில்லை. கேட்கும் நிலையும் இல்லை. டிவியில் அந்தக் காட்சி நூறு முறை ஓடியதே, அதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று இருந்தோம். டிவியில் ஓடியதும் கோர்ட்டில் நிரூபிக்கப்பட்டதும் ஒன்று என்று நினைத்தது பார்வையாளர் மட்டும் இல்லை போல. எட்டு வருடத்துக்குப் பிறகு, அந்தக் குழந்தையைக் கொன்றது யார் என்ற கேள்விக்குச் சட்டப்படி பதில் இல்லை. பெற்றோர் கையில் மிஞ்சியது அது.

'பரபரப்பு வாக்குமூலம்' என்றால் என்ன?

தமிழ்ச் செய்தியில் தேய்ந்துபோகாத தலைப்பு ஒன்று உண்டென்றால் அது 'போலீஸில் பரபரப்பு வாக்குமூலம்'. முதல் நாளே நான்கு காலத்துக்கு வரும். 'நான் அவளை உயிருக்குயிராகக் காதலித்தேன்...' என்று முதல் ஆளில், வசனத்தோடு. ஸ்டேஷனுக்குள் இருப்பவர் சொன்னது வெளியே இருப்பவருக்கு அட்சரம் பிசகாமல் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. க்ரைம் ஸ்டோரி சேனல்களுக்கு இதுதான் மூலக்கதை. பழைய பேப்பரை எடுத்து, குரல் கொடுத்து, மழைச் சத்தம் சேர்த்தால் எபிசோடு தயார்.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆங்கிலேயர் காலத்து 1872 சாட்சியச் சட்டத்திலேயே அப்படித்தான். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய பாரதிய சாட்சிய சட்டத்திலும் அப்படித்தான். வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். 'கத்தியை இந்தக் கிணற்றில் போட்டேன்' என்பதில் கத்தி கிணற்றில் இருந்தது செல்லும். மீதி கதை செல்லாது. அடித்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள் என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. கைதானவர் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' மாவுக்கட்டோடு நிற்கும் படத்துக்கு ஹார்ட்டின் விடும் நமக்கு அது தெரியாதா என்ன?

அப்போ பேசவே கூடாதா?

அப்படியும் இல்லை. பேசாமல் விட்டிருந்தால் மூடிப் போயிருக்கும் வழக்குகள் தமிழ்நாட்டிலேயே உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, ஊரடங்கு நேரத்திலும் நாடு முழுக்கப் பேச வைத்தது சமூக ஊடகம்தான். ஆனால் அந்த வழக்கை நிறுத்தியது வைரல் வீடியோ இல்லை. ஸ்டேஷனுக்கே போய்ப் பதிவு செய்த நீதித்துறை நடுவரின் அறிக்கையும், பயத்தை மீறிச் சாட்சி சொன்ன தலைமைக் காவலர் ரேவதியும்தான். ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்பதும் அந்த அறிக்கையால்தான் வெளியே வந்தது.

அமெரிக்காவில் 2014-ல் வந்த 'சீரியல்' பாட்காஸ்ட்தான் இந்த அலைக்கே தொடக்கம் என்பார்கள். அது பேசியதால் அட்னான் சையத் வழக்கு மறுபடி கோர்ட்டுக்கு வந்தது. தண்டனை ரத்தாகி, திரும்பி வந்து, 2025-ல் ஒருவழியாக அவர் மீண்டும் சிறை செல்ல வேண்டியதில்லை என்று முடிந்தது. அதே நேரம், கொல்லப்பட்ட மாணவியின் சகோதரர் இது எங்களுக்குப் பாட்காஸ்ட் இல்லை என்று கோர்ட்டில் கலங்கியதும் நடந்தது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் விளைவுதான்.

பொள்ளாச்சி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். அவருக்கு 25 லட்சம் இழப்பீடு தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த ஆரம்பத்தைப் பார்த்தவர்கள், இனி யார் சாட்சி சொல்ல வருவார்கள் என்றார்கள். வந்தார்கள். அடையாளம் வெளியே தெரியாது என்ற உறுதி கிடைத்தபிறகு வந்தார்கள். 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்றார் அரசு வழக்கறிஞர். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள். அந்தப் பெண்கள் யார் என்று இன்றும் நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதால் யாருக்கும் எதுவும் குறையவில்லை.

ஆனால் பாடம் படித்தோமா என்றால், 2024 டிசம்பர் அண்ணா பல்கலைக்கழக வழக்கைப் பார்க்க வேண்டும். மாணவியின் விவரங்களோடு எஃப்ஐஆர் இணையத்தில் கசிந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. இருக்கட்டும். அதை டவுன்லோடு செய்து குரூப் குரூப்பாக ஃபார்வர்டு செய்தது எந்தக் கோளாறு? 'ஷாக்கிங்... முழுசா படிங்க' என்று அனுப்பியவர்களில் படித்தவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். பிடிஎஃப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆயிற்றே. அந்த மாணவிக்கும் 25 லட்சம் கொடுக்க உத்தரவு வந்தது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. இது சேனல் நடத்துகிறவருக்கு மட்டுமான சட்டம் இல்லை.

க்ரைம் ஸ்டோரி செய்கிறவர்கள் நினைத்தால் வேறு மாதிரியும் செய்யலாம். குற்றப்பத்திரிகை, சாட்சியம், தீர்ப்பு என்று எடுத்து வைத்தாலே திருப்பத்துக்குப் பஞ்சமில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஒரு கேமராப் பதிவைக் கோர்ட் ஏற்க என்னென்ன வேண்டும், டிஎன்ஏ மாதிரி ஸ்டேஷனிலிருந்து லேபுக்குப் போகும் வழியில் எங்கே சந்தேகம் நுழைகிறது, ஏழைக் கைதிக்கு வழக்கறிஞர் எப்போது வருகிறார் என்று ஒரு எபிசோடு செய்தால் மழைச் சத்தம் இல்லாமலே திகிலாக இருக்கும். கேட்கிறவரும் ஒரு வேலை செய்யலாம். எபிசோடு முடிந்ததும் இந்த வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டதா, மேல்முறையீடு இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தேடிப் பார்க்கலாம்.

2018-ல் செங்கல்பட்டு கோர்ட் வாசலில் எடுத்த அந்த வீடியோக்களில் பல இன்னும் யூடியூபில் இருக்கின்றன. தம்ப்நெயிலில் குழந்தையின் படம், பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'தூக்கு'. போக்சோ சட்டப்படி அந்தப் படம் அங்கே இருக்கக்கூடாது. வீடியோவுக்குக் கீழே ரிப்போர்ட் பட்டன் இருக்கிறது.